அப்பாவுக்கு சுகர் 14 வருஷம், எல்எஃப்டி (ஈரல் ரத்தப் பரிசோதனை) நார்மல், ஃபேட்டி லிவர் கிரேடு 1. எஃப்ஐபி-4 மட்டும் 229 என்று வருகிறதே?

வைகைக்கரை | ஜூன் 3, இரவு 9:42

அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை வந்து 14 வருஷம். மாத்திரைதான், இன்சுலின் கிடையாது. எடை 84 கிலோ, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். பீர்கூடத் தொட்டதில்லை. வருஷா வருஷம் மாஸ்டர் செக்கப் செய்கிறோம். மூன்று வருஷத்துக்கு முன்பு வயிற்று ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 2 என்று இருந்தது, இந்த வருஷம் கிரேடு 1. குறைந்துவிட்டது என்று வீட்டில் ஒரே சந்தோஷம். அம்மா கேசரி கிண்டிவிட்டார். சுகர் பேஷண்ட் வீட்டில்!

நேற்று ஆபீஸில் ஒருவர், சுகர்காரர்களுக்கு ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பழைய ரிப்போர்ட்டே போதும் என்றார். எஃப்ஐபி-4 என்று பெயர். இணையத்தில் ஒரு கணிப்பான் கிடைத்தது. வயது 61, ஈரல் என்சைம்களான எஸ்ஜிஓடி 34, எஸ்ஜிபிடி 30, பிளேட்லெட் 1.65 என்று போட்டேன். 2.67-ஐத் தாண்டினால் உடனே டாக்டரைப் பார்க்கவும் என்று கீழே எழுதியிருக்கிறது. எனக்கு வந்த விடை 229. அப்பா பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்குகிறார், எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. யாராவது விளக்குங்கள்.

ஊதாமூடி | ஜூன் 3, இரவு 10:05

தம்பி, பதறாதீர்கள். நான் லேபில் வேலை பார்க்கிறவள். நம் ஊர் ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டை லட்சத்தில் எழுதுவோம், அந்தக் கணிப்பான் ஆயிரத்தில் கேட்கிறது. 1.65 லட்சம் என்றால் 165 என்று போட வேண்டும். கையாலேயே போடலாம்:

வயது × எஸ்ஜிஓடி = 61 × 34 = 2074
பிளேட்லெட் × எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் = 165 × 5.48 = 904
முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.29.

இன்னொன்று, எஸ்ஜிஓடிதான் ஏஎஸ்டி, எஸ்ஜிபிடிதான் ஏஎல்டி. இரண்டையும் மாற்றிப் போட்டால் உங்கள் அப்பாவுக்கே 1.9 வரும். நிறையப் பேர் இங்கேதான் வழுக்குவார்கள்.

வைகைக்கரை | ஜூன் 3, இரவு 10:11

அக்கா, கோடி நன்றி. 229-லிருந்து 2.29-க்கு வந்ததே பாதி உயிர் திரும்பிய மாதிரி. அப்படியென்றால் நார்மல்தானே?

ராத்திரி_டியூட்டி | ஜூன் 4, அதிகாலை 2:30

நார்மல் இல்லை, ஆபத்து என்றும் சொல்ல முடியாது. நான் பொது மருத்துவன். வார்டு அமைதியாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த கிரேடு. ஸ்கேனில் ஈரல் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பதைப் பக்கத்திலுள்ள வலது சிறுநீரகத்தோடு ஒப்பிட்டுக் கண்ணால் போடும் மதிப்புதான் கிரேடு. அது கொழுப்பைப் பற்றியது. தழும்புக்கு வேறு அளவுகோல், எஃப்0-விலிருந்து எஃப்4 வரை. எஃப்4 என்பதுதான் சிரோசிஸ், நம் ஊரில் ஈரல் சுருக்கம் என்பார்கள். கிரேடும் ஸ்டேஜும் வேறு வேறு. கிரேடு 3 இருப்பவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம், கிரேடு 1 இருப்பவருக்கு எஃப்3 இருக்கலாம். தழும்பு முற்றி சிரோசிஸ் ஆகும்போது கொழுப்பு கரைந்து போவதும் உண்டு. உங்கள் அப்பா விஷயத்தில் அந்த அளவுக்கு யோசிக்கத் தேவையில்லை. ஸ்கேன் பார்த்தவர் மாறியிருப்பார், மெஷின் மாறியிருக்கும், உண்மையிலேயே குறைந்தும் இருக்கலாம். ஆனால் 2-லிருந்து 1 என்பதை வைத்துத் தழும்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சாதாரண அல்ட்ராசவுண்டில் ஈரலின் ஓரம் கரடுமுரடாகி, மண்ணீரல் பெருத்த பிறகுதான் தழும்பு கண்ணில் படும். அது லேட்.

அடுத்தது எஸ்ஜிபிடி. ஈரல் செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும் சரக்கு அது. இன்றைக்கு எவ்வளவு உடைகிறது என்பதைச் சொல்லும். 14 வருஷமாக மெதுவாக உடைந்து, ஆறி, உடைந்து, ஆறிச் சேர்ந்த தழும்பை அது சொல்லாது. சர்க்கரை நோயாளிகளில் என்சைம் எல்லாம் ஒழுங்காக இருந்தும் முற்றிய தழும்பு இருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். எல்எஃப்டி நார்மல் என்ற இரண்டு வார்த்தையில் ஏமாறாதவர் குறைவு, டாக்டர்களையும் சேர்த்துத்தான்.

எஃப்ஐபி-4-இல் 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு அநேகமாக இல்லை. 2.67-க்கு மேல் என்றால் ஈரல் நிபுணரைப் பாருங்கள். இடைப்பட்டது சாம்பல் பகுதி, அடுத்த பரிசோதனை வேண்டும். அப்பா அங்கேதான் நிற்கிறார். அடுத்தது ஃபைப்ரோஸ்கேன், ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்.

கொங்குக்காற்று | ஜூன் 4, காலை 7:15

குடிக்காதவருக்கு எதற்கு ஈரல் சுருங்குகிறது? எனக்கு இது ஸ்கேன் சென்டர் பிசினஸ் மாதிரித்தான் தெரிகிறது.

ஊதாமூடி | ஜூன் 4, காலை 8:02

அண்ணா, கணக்குப் போட ஒரு பைசா செலவில்லை. ரிப்போர்ட் ஏற்கெனவே உங்கள் பீரோவில் இருக்கிறது. இதில் எங்கே பிசினஸ்?

ராத்திரி_டியூட்டி | ஜூன் 4, காலை 8:40

குடி மட்டும்தான் காரணம் என்று நினைத்ததால்தான் இவ்வளவு பேர் தப்பவிடப்பட்டார்கள். ஈரலுக்குள் ஸ்டெல்லேட் செல் என்று ஒன்று உண்டு. சும்மா இருக்கும்போது வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சாதுவாக இருக்கும். பக்கத்துச் செல்கள் தொடர்ந்து அடிபட்டால் வேஷம் மாறி, நார்ப்பொருளைக் கக்க ஆரம்பிக்கும். அடித்தது சாராயமா, பி வைரஸா, சி வைரஸா, கொழுப்பா, இரும்பா என்று அது பார்ப்பதில்லை. தழும்பு ஒன்றுதான்.

2023-ல் ஆல்கஹால் இல்லாத ஃபேட்டி லிவர் என்ற பழைய பெயரையே எடுத்துவிட்டு, வளர்சிதை மாற்றத்தோடு சேர்த்து எம்ஏஎஸ்எல்டி என்று பெயர் மாற்றினார்கள். இந்திய அரசும் 2021-ல் சர்க்கரை, ரத்த அழுத்தத் தடுப்புத் திட்டத்தில் ஃபேட்டி லிவரைச் சேர்த்தது. அமெரிக்க நீரிழிவு சங்கம் டைப் 2 உள்ளவர்களுக்கு, என்சைம் நார்மலாக இருந்தாலும், எஃப்ஐபி-4 போடச் சொல்கிறது. கண்ணுக்கு, சிறுநீரகத்துக்கு வருஷம் ஒருமுறை பார்க்கிறோம் இல்லையா, அது மாதிரி.

செவ்வாய்_வியாழன்_சனி | ஜூன் 4, காலை 11:20

டயாலிசிஸ் மெஷினில் இருந்தபடி எழுதுகிறேன், ஒரு கைதான். எல்லோரும் கணக்குப் போடுங்கள் என்று சொல்வதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள்.

எனக்கு 44 வயது. டயாலிசிஸ் ஐந்து வருஷம். நடுவில் ஹெபடைடிஸ் சி வந்துவிட்டது, எங்கிருந்து என்று இப்போது தோண்ட விரும்பவில்லை. எஸ்ஜிஓடி 18, எஸ்ஜிபிடி 14, பிளேட்லெட் 1.9 லட்சம். கணக்குப் போட்டால் 1.1. பச்சை விளக்கு. நானும் நிம்மதியாக இருந்தேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்யப் போனபோது கிட்னி டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. டயாலிசிஸ்காரர்களுக்கு என்சைம் எப்போதும் தாழ்வாகவே ஓடும், உங்கள் 14 மற்றவர்களின் 14 இல்லை என்றார். ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம், 14.8. எடுத்தது டயாலிசிஸுக்கு முந்தைய நாள் மாலை, உடம்பில் மூன்று கிலோ தண்ணீர். அடுத்த வாரம் டயாலிசிஸ் முடிந்து, டிரை வெயிட்டில், அதாவது அதிகத் தண்ணீர் இல்லாத எடையில், எடுத்தால் 9.9. ஒரே ஈரல், ஒரு வாரம், இரண்டு எண்!

கடைசியில் ஈரலில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் பதில் சொன்னது. எங்களுக்கு ரத்தம் சட்டென்று உறையாது என்பதால் விலாவில் குத்தாமல் கழுத்து ரத்தக்குழாய் வழியாக எடுத்தார்கள். அதே சாக்கில் ஈரலுக்குள் ரத்த அழுத்தத்தையும் அளந்துவிட்டார்கள். எஃப்3. பிறகு 12 வாரம் மாத்திரை, வைரஸ் போய்விட்டது.

அதனால் கணிப்பானைத் திட்டவில்லை. அந்தச் சட்டை யாருக்குத் தைத்தது என்று கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ராத்திரி_டியூட்டி | ஜூன் 4, பிற்பகல் 1:05

இந்தப் பதிவை அப்படியே எங்கள் ஜூனியர்களுக்குப் படிக்கக் கொடுக்கலாம். சட்டை உதாரணம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. எஃப்ஐபி-4-ஐ 2006-ல் உருவாக்கியது எச்ஐவி, ஹெபடைடிஸ் சி இரண்டும் சேர்ந்திருந்த நோயாளிகளை வைத்து. அப்போது எல்லைக்கோடு 1.45, 3.25. ஃபேட்டி லிவருக்கு எடுத்துப் போட்டபோதுதான் 1.3, 2.67 என்று பிடித்துத் தைத்தார்கள். ஹெபடைடிஸ் பி-க்கு உலக சுகாதார நிறுவனம் ஏப்ரி என்ற வேறு கணக்கைச் சொல்கிறது. அதில் எஸ்ஜிஓடியும் பிளேட்லெட்டும் மட்டும், வயது கிடையாது.

வயது உள்ளே இருப்பது எஃப்ஐபி-4-இன் பெரிய தொந்தரவு. எஸ்ஜிஓடி 24, எஸ்ஜிபிடி 22, பிளேட்லெட் 2.2 லட்சம் என்று வையுங்கள். 40 வயதுக்காரருக்கு 0.93. இதே ரத்தம் 75 வயதில் 1.74. ஈரல் ஒன்றும் செய்யவில்லை, பிறந்தநாள்தான் கூடியது. அதனால்தான் 65-க்கு மேல் கீழ்க்கோட்டை 2.0 என்று உயர்த்திக்கொள்கிறோம். 35-க்குக் கீழே இந்தக் கணக்கையே நம்பி உட்காரக்கூடாது.

மூலிகைப்பிரியன் | ஜூன் 4, மாலை 6:30

இத்தனை பரிசோதனை எதற்கு? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி 48 நாள் குடிக்கச் சொல்லுங்கள். ஈரல் பளிங்கு மாதிரி ஆகிவிடும். சென்னையிலேயே ஆராய்ச்சி செய்து நிரூபித்திருக்கிறார்கள்.

ராத்திரி_டியூட்டி | ஜூன் 4, இரவு 10:50

நிரூபித்தார்கள் என்பது அரைக்கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ். பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கோடு சேர்ந்து, 1988-ல் லான்செட் இதழில் வெளியிட்டது. கீழாநெல்லி வகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. உலகமே திரும்பிப் பார்த்தது, நமக்கும் பெருமை. ஆனால் அப்புறம் வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மேலும் அது பி வைரஸைப் பற்றிய ஆராய்ச்சி. சர்க்கரையால் வந்த கொழுப்புக்கும் தழும்புக்கும் அதை நீட்ட முடியாது. உங்கள் நம்பிக்கையில் கை வைக்கவில்லை. தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் மோர் உதவாது.

திங்கள்_மாத்திரை | ஜூன் 5, காலை 9:10

நான் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன், வாரம் 15 மில்லிகிராம், ஆறு வருஷமாக. என் சித்தி சோரியாசிஸுக்கு இதே மாத்திரை சாப்பிட்ட காலத்தில், மொத்தம் 1.5 கிராம் சேர்ந்தால் ஈரல் பயாப்சி என்று விதி. வாரம் 15 என்றால் 100 வாரத்தில் சேர்ந்துவிடும். அந்த விதிப்படி எனக்கு இதற்குள் மூன்று ஊசி இறங்கியிருக்கும். எங்கள் ரூமட்டாலஜி டாக்டர் வருஷம் ஒருமுறை எஃப்ஐபி-4, தேவைப்பட்டால் ஃபைப்ரோஸ்கேன் என்றுதான் பார்க்கிறார். மாத்திரையை விட உன் எடையும் சர்க்கரையும்தான் ஈரலைக் கெடுக்கும் என்று திட்டும் விழும்.

ஒரு சின்ன விஷயம், எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. மாத்திரை போட்ட மறுநாள் ரத்தம் கொடுத்தால் என்சைம் ஏறிக் காட்டும். அதனால் நான் சனி ஞாயிறில், அடுத்த டோஸுக்கு முன்னால் கொடுக்கிறேன்.

ஊதாமூடி | ஜூன் 5, பிற்பகல் 12:45

ரத்தம் எடுக்கும் நேரம் பற்றிப் பேச்சு வந்ததால் என் பங்குக்கு.

டெங்கு, வைரல் காய்ச்சல் வந்து ஒரு மாதம்கூட ஆகாத ரிப்போர்ட்டில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். டெங்குவில் பிளேட்லெட் விழும், எஸ்ஜிஓடி ஏறும். இரண்டும் ஒரே திசையில் இழுத்து விடையை எங்கேயோ கொண்டுபோய்விடும். எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது. முதல்நாள் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து எடை தூக்கியவருக்கும் ஏறும். ஊசியில் இழுக்கும்போது ரத்தச் சிவப்பணு உடைந்தாலும் ஏறும்.

பிளேட்லெட் திடீரென்று 80 ஆயிரம் என்று வந்தால் ஸ்மியர், அதாவது ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிலருடைய ரத்தத்தில், ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ரசாயனத்தால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் ஒரு கட்டியை ஒன்று என்று எண்ணிவிடும். நீல மூடிக் குழாயில் திரும்ப எடுத்தால் உண்மையான எண்ணிக்கை தெரியும். இது தெரியாமல் ஈரல் நோய் என்று அலைந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

கொங்குக்காற்று | ஜூன் 5, பிற்பகல் 2:00

ஈரலுக்கும் பிளேட்லெட்டுக்கும் என்ன சம்பந்தம்? சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ராத்திரி_டியூட்டி | ஜூன் 5, மாலை 4:15

நல்ல கேள்வி. குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரல் வழியாகத்தான் போக வேண்டும். ஈரல் தழும்பேறி இறுகினால் பாதை அடைபடும், பின்னால் அழுத்தம் ஏறும், மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். பிளேட்லெட் உற்பத்திக்கு எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஹார்மோனையும் ஈரல்தான் செய்கிறது. வரவும் குறைகிறது, இருப்பும் முடங்குகிறது. வருஷாவருஷம் 2.6, 2.2, 1.9, 1.6 என்று இறங்கும் எண்ணிக்கையை, 1.5-க்கு மேல்தானே இருக்கிறது என்று விடாமல் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

இரண்டு_யூனிட் | ஜூன் 5, இரவு 8:20

மகளுக்கு தலசீமியா, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். ஏற்றும் ரத்தத்தால் ஈரலில் இரும்பும் சேர்ந்து எங்களுக்குப் பிரச்சினை. ஈரல் விறைப்பு ஒரு கணக்கு, இரும்புக்கு எம்ஆர்ஐ-யில் டி2 ஸ்டார் என்ற அளவு தனிக் கணக்கு. ரத்தத்தில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காய்ச்சல் வந்தாலும் அது ஏறும்.

வைகைக்கரை | ஜூன் 14, இரவு 9:05

பத்து நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்கே ஒரு வாரம் ஆனது. எனக்கு ஒன்றுமில்லை என்ற ஒரே பல்லவி.

ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம். 11.2 கிலோபாஸ்கல். ஐக்யூஆர் 34 சதவீதம் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அங்கே யாரும் எதுவும் விளக்கவில்லை. கவரைக் கையில் கொடுத்து, எஃப்3-யாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா முகம் வாடிப்போனது. சாப்பிடாமல் வரச் சொன்னார்களா என்று கேட்காதீர்கள். காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டுத்தான் போனார்.

ராத்திரி_டியூட்டி | ஜூன் 14, இரவு 11:30

ஐந்து இட்லியா! அந்த 11.2-ஐ ஓரமாக வையுங்கள்.

விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு சின்னத் தட்டு தட்டுகிறார்கள் இல்லையா, அது 50 ஹெர்ட்ஸ் அதிர்வு. அந்த அலை ஈரலுக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அளந்து விறைப்பாக மாற்றிச் சொல்கிறது மெஷின். இறுகிய ஈரலில் அலை வேகமாகப் போகும். ஆனால் மெஷினுக்குத் தெரிந்தது விறைப்பு மட்டும், தழும்பு அதற்குத் தெரியாது. சாப்பிட்டவுடன் ஈரலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும், விறைப்பு ஏறும். மஞ்சள் காமாலையிலும், பித்தக்குழாய் அடைப்பிலும், இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கினாலும் ஏறும். மேலே டயாலிசிஸ் நண்பர் சொன்ன தண்ணீர்க் கதையும் இதே இனம். குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறு வேண்டும்.

பத்து அளவு எடுத்து நடு எண்ணைச் சொல்வார்கள். அந்தப் பத்தும் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதுதான் ஐக்யூஆர். 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுடையது 34. 84 கிலோ என்றீர்கள், எந்தப் புரோப் (தட்டும் கருவி) வைத்தார்கள்? தோலுக்கும் ஈரலுக்கும் நடுவே இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் கொழுப்பு இருந்தால் எக்ஸ்எல் புரோப் வேண்டும். இந்த மூன்றையும் கேட்டுத் திரும்ப எடுங்கள்.

செவ்வாய்_வியாழன்_சனி | ஜூன் 15, காலை 6:50

எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு அனுப்புவதுதான் எனக்கு ஆறவே ஆறாத கோபம். அப்பாவிடம் சொல்லுங்கள், எஃப்3 என்ற வார்த்தையோடு நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வைகைக்கரை | ஜூன் 27, இரவு 8:35

வேறு இடத்தில், ஈரல் நிபுணர் பார்க்கும் இடத்திலேயே எடுத்தோம். வெறும் வயிறு, எக்ஸ்எல் புரோப். 8.6, ஐக்யூஆர் 14. கொழுப்பு அளவு கேப் 291.

8-க்குக் கீழே என்றால் நிம்மதி, 12-க்கு மேல் என்றால் கவலை, இது நடுவில் என்றார். இப்போதைக்குப் பயாப்சி வேண்டாம் என்றார். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பார்த்தார், இல்லை. 14 வருஷத்தில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை என்பது ரிப்போர்ட்டுகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. தைராய்டு, ஃபெரிட்டின் சரி. எடையில் பத்து சதவீதம் குறைத்தால் தழும்பே இளகும் வாய்ப்பு உண்டு, ஐந்து சதவீதத்தில் கொழுப்பு மட்டும்தான் இறங்கும் என்றார். எட்டரை கிலோ. அப்பா மாத்திரை இல்லையா என்று கேட்டார். சர்க்கரை மாத்திரையை மாற்றுவது பற்றி அடுத்த முறை பேசலாம் என்றிருக்கிறார்.

ராத்திரி_டியூட்டி | ஜூன் 28, அதிகாலை 1:10

சரியான கையில் இருக்கிறார். மருந்து பற்றி: அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெடிராம், 2025 ஆகஸ்டில் செமாகுளுடைட், இரண்டுக்கும் இந்த நோய்க்கு அனுமதி கொடுத்தார்கள். இரண்டுமே எஃப்2, எஃப்3 நிலையில் இருப்பவர்களுக்கு. முன்பெல்லாம், ஸ்டேஜ் தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்று கேட்பார்கள். இப்போது அந்தக் கேள்விக்கு வலு குறைந்துவிட்டது.

கொங்குக்காற்று | ஜூன் 28, காலை 7:40

என் பீரோவையும் திறந்து பார்த்தேன். எனக்கு 52 வயது, சுகர் எட்டு வருஷம். 1.02. பிசினஸ் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், இட்லி விஷயத்தில் மட்டும் அப்பா பக்கம்தான்.

வைகைக்கரை | ஜூன் 28, இரவு 9:20

நன்றி அண்ணா. இப்போது அம்மா தன்னுடையதையும் போடச் சொல்லி நிற்கிறார். 56 வயது, பார்டர் சுகர். எஸ்ஜிஓடி 22, எஸ்ஜிபிடி 20, பிளேட்லெட் 2.4 லட்சம். இந்த முறை 240 என்று போட்டேன். 1.15.

ராத்திரி_டியூட்டி | ஜூன் 29, அதிகாலை 3:05

1.3-க்குக் கீழே. பார்டர் சுகர் என்பதால் ஒன்றிரண்டு வருஷத்தில் திரும்பப் போடுங்கள். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் தேதி வாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள். கேசரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.